அன்னங்கள் ஏன் வட கரோலினாவோடு நின்றுவிடுகின்றன?

அன்புள்ள கண்மணிக்கு,

"குளிர் தாங்காமல்தான் அன்னங்கள் தெற்கே வருகின்றன என்றால், வட கரோலினாவிலேயே ஏன் நின்றுவிடுகின்றன, பெரியப்பா? அங்கேயும் குளிர்தானே?" என்று கேட்டிருந்தாய். அருமையான கேள்வி. பாடப்புத்தகங்கள் எல்லாப் பழியையும் குளிர்மேல் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது.

அன்னத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆறேழு கிலோ உடம்பு, அதன்மேல் அடர்ந்த தூவி. அதற்கு எதிரி பனிக்கட்டிதான். நான் இருக்கும் இந்த வட கரோலினாவுக்கு வரும் தூந்திர அன்னம், வால் மட்டும் வெளியே தெரியும்படி தலைகீழாகக் கவிழ்ந்து, நீருக்கடியில் உள்ள புல்லையும் சேற்றுக் கிழங்கையும் பிடுங்கித் தின்னும். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே அதற்கு எட்டாது. ஏரி உறைந்துவிட்டால், சாப்பாட்டை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய மாதிரிதான். ஆகவே உறையாத, ஆழமில்லாத, அடியில் புல் வளர்ந்த நீர் கிடைத்ததும் இறங்கிவிடுகிறது. அதற்கப்பால் பறப்பது வீண். வசந்தத்தில் அத்தனை தூரமும் திரும்பிப் பறக்க வேண்டுமே!

அந்தத் தூரம் சாமானியமானதல்ல. அலாஸ்காவின் வடகரையிலிருந்து இங்கே வர 5,000 கிலோமீட்டருக்கும் மேல். மேற்கு அலாஸ்காவில் பிறந்தவை பசிபிக் கரையோரமாகக் கலிபோர்னியாப் பக்கம் போய்விடும். வடகரையிலும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலும் பிறந்தவை கனடாவின் புல்வெளிகள், வட டகோட்டா, மினசோட்டாவில் மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதி என்று தங்கித் தங்கி மேய்ந்து, நவம்பரில் அட்லாண்டிக் கரைக்கு வந்து சேரும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் கிளம்பிவிடும். போகும்போது அவசரப்பட்டுப் பயனில்லை. வடக்கே பனி உருக உருகத்தான் முன்னேற முடியும். மே மாதம்தான் கூடு கட்டும் இடம் போய்ச் சேரும்.

அங்கே கோடை மிகக் குறுகியது. ஜூன் கடைசியில் பொரியும் குஞ்சு பறக்கப் பழக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். செப்டம்பர் முடிவில் ஏரிகள் உறையத் தொடங்கும். இடையில் தாய் தகப்பனும் சிறகு உதிர்த்துச் சில வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். பனி உருகுவது தாமதமான வருடத்தில் குஞ்சுகள் குறைந்துபோவதில் வியப்பில்லை. தப்பிய குஞ்சுகள் பெற்றோர் கூடவே பறந்து வந்து, குளிர்காலம் முழுதும் அவர்களோடே இருக்கும். வழியையும் தங்கும் இடங்களையும் அந்த முதல் பயணத்தில் பெற்றோரைப் பின்தொடர்ந்துதான் கற்கின்றன.

எங்கே தங்குவதென்று முடிவு செய்வது புல்தான் என்றேனே, அதற்குச் செசபீக் விரிகுடாவே சாட்சி. இங்கிருந்து வடக்கே உள்ள அந்த விரிகுடாதான் ஒரு காலத்தில் இந்த அன்னங்களின் பெரிய குளிர்காலத் தங்கலிடம். வயல் உரமும் நகரக் கழிவும் கலந்து நீர் கலங்கிக்கொண்டே வந்தது. 1972-இல் ஆக்னஸ் புயல் ஆறுகள் வழியே வண்டல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. வெயில் எட்டாமல் நீரடிப் புல் பெருமளவு அழிந்தது. அன்னங்கள் வயல்களுக்கு ஏறி, அறுவடையில் சிந்திய மக்காச்சோளத்தையும் சோயாவையும் இளங்கோதுமைப் பயிரையும் மேயப் பழகின. காலப்போக்கில் பெரும்பகுதி தெற்கே வட கரோலினாவுக்கு நகர்ந்தது.

இங்கே மாட்டமஸ்கீட் ஏரி 16,000 ஹெக்டேர். பெரும்பகுதியில் ஆழம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஒரு காலத்தில் இதையே இறைத்து வற்றவைத்து விவசாயம் பார்த்தார்கள். கட்டுப்படியாகாமல் கைவிட்ட பிறகு, 1934-இல் சரணாலயம் ஆக்கினார்கள். ஆனால் இந்த ஏரியிலும் நீர் கலங்கி, 2017 வாக்கில் அடிப்புல் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. எனக்கு இதுதான் பெரிய கவலை. வயலில் இரை கிடைக்கிறதே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிந்திய சோளம் அறுவடைக்காரரின் இயந்திரத்தைப் பொறுத்தது. ஏரிப் புல்லை நம்பி வாத்துகளும் மீன்களும்கூட இருக்கின்றன. அன்னம் சவ்வுக் காலால் சேற்றை மிதித்துக் கிளறும்போது மிதந்து வரும் துணுக்குகளுக்காகச் சிறு வாத்துகள் அதைச் சுற்றியே திரியும்.

அரையாண்டு விடுமுறைக்கு நீ இங்கே வரும்போது வயலோரம் நின்று எண்ணிப் பார்க்கலாம். வளர்ந்தவை தூய வெள்ளை. கறுப்பு அலகில், கண்ணுக்கு முன்னால், பெரும்பாலும் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு இருக்கும். அந்த வருடக் குஞ்சுகள் சாம்பல் நிறம். நூறு வெள்ளைக்கு எத்தனை சாம்பல் என்று கணக்குப் போடு. ஆர்க்டிக்கில் அந்தக் கோடை எப்படிப் போனது என்று அதிலிருந்தே நீ சொல்லிவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா