ஊர்ப் பட்டறையில் சாணை இயந்திரம்

அறுவடைக்கு முன் அரிவாளையும், களையெடுப்புக்கு முன் களைக்கொட்டையும் தீட்டி வைத்துக்கொள்வது உழவர் குடியின் பழைய வழக்கமாகும். முன்னர் இப்பணியைக் கொல்லுப் பட்டறையும், சாணைச் சக்கரத்தைச் சுமந்து தெருத்தெருவாக வந்தவர்களும் செய்து தந்தனர். இன்று பல ஊர்களில் மின்சாரச் சாணை இயந்திரம் வந்துவிட்டது. தட்டை நறுக்கும் இயந்திரத்தின் கத்தி, மண்வெட்டி, கோடரி யாவும் அதிலேயே கூராக்கப்படுகின்றன. இதனை வாங்குவது எளிது. முறையாக நிறுவிப் பேணுவோர் சிலரே. நாம் பார்த்த ஒரு பட்டறையில் சக்கரத்தின் இரும்புக் கவசம் கழற்றப்பட்டுச் சுவரோரம் கிடந்தது. காரணம் வினவியபோது, பெரிய கல் மாட்டுவதற்கு அது இடைஞ்சலாக இருந்தது என்றனர். அந்தக் கவசமே உயிர்க் காப்பு என்பதை அவர்கள் அறியவில்லை.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுழலும் மோட்டாரில் 6 அங்குலக் கல்லை மாட்டினால், அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 8 அங்குலக் கல்லாயின் அவ்வேகம் 30 மீட்டர். 10 அங்குலமாயின் 37 மீட்டர். சாதாரணச் சுட்ட கற்கள் தாங்கும் வேகம் பொதுவாக 33 மீட்டர் அளவே. ஆகவே பெரிய கல் மாட்டுவது சிதறும் கல்லை அழைப்பதற்கு ஒப்பாகும். கல்லின் மேல் ஒட்டியுள்ள தாளில் அது தாங்கும் உச்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும். மோட்டாரின் சுற்று அதற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அந்தத் தாள் இல்லாத கல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், வாங்கற்க.

அதே தாளில் எழுத்துக்களும் எண்களும் காணப்படும். A என்னும் ஆங்கில எழுத்து அலுமினிய ஆக்சைடைக் குறிக்கும். அஃது எஃகுக்கு உரியது. நம் குருந்தக்கல்லும் இதே பொருளே. குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே ஆங்கிலப் பெயரும் பிறந்தது என்பர். C எனில் சிலிக்கான் கார்பைடு, வார்ப்பிரும்புக்கு ஏற்றது. அடுத்து வரும் எண் மணியின் பருமன். 36 முரடானது, 60 நடுத்தரமானது. பண்ணைக் கருவிகளுக்கு ஒரு பக்கம் 36, மறுபக்கம் 60 என மாட்டிக்கொள்வது போதுமானது.

புதிய கல்லை மாட்டுமுன் தட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்கள் செய்வதும் இதுவே. ஈரமில்லாத கல்லை நடுத்துளையில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுக. கல்லைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் தட்டுதல் வேண்டும். கணீரென ஒலித்தால் நல்லது. ஒலி மழுங்கினால் உள்ளே விரிசல் உண்டு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று வாதிடுவதில் பயனில்லை.

மாட்டும்போது கல் அச்சில் தானாக நழுவிப் புகவேண்டும். அடித்துப் புகுத்துதல் ஆகாது. இருபுறமும் ஒரே அளவான இரும்பு வட்டத் தட்டுக்கள் இருத்தல் வேண்டும். அவற்றின் குறுக்களவு கல்லின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. தட்டுக்கும் கல்லுக்கும் இடையே தடித்த காகித வட்டம் வேண்டும். இல்லையெனில் இறுக்கத்தினாலேயே கல் வெடிக்கும். நம் இடக்கைப் பக்கத்து நட்டு எதிர்மரை கொண்டது. இதை அறியாமல் திருகித் திருகி மரையைக் கெடுத்தவர் பலர்.

இயந்திரத்தைக் காங்கிரீட் மேடையில் போல்ட்டுகளால் அசையாது பொருத்துக. வைக்கோற்போருக்கும் பெட்ரோல் கலத்துக்கும் அருகில் வைக்கலாகாது. பொறி பறக்கும் பொருளாயிற்றே. மூன்று முள் பிளக்கும் மண்ணிணைப்பும் கட்டாயம். கருவியைத் தாங்கும் தட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேற்படின், கத்தி இடையில் சிக்கிக் கையையும் இழுத்துச் செல்லும். கல் தேயத் தேய, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தட்டை நெருக்கி வைத்தல் வேண்டும். கவசத்தை மாட்டிய பின், புதுக்கல்லை ஒரு நிமிடமேனும் வெறுமனே ஓடவிட்டு, அதன் நேர் எதிரே நில்லாது ஒதுங்கி நிற்க.

தீட்டுவோர் கண்ணாடி அணிதல் வேண்டும். துண்டை அவிழ்த்து வைத்து, வேட்டியை மடித்துக் கட்டுக. கையுறை வேண்டா, கல் அதனைப் பற்றினால் விரலையும் விடாது. கல்லின் பக்கவாட்டில் அழுத்தித் தீட்டலாகாது. அலுமினியம், பித்தளை, மரம் இவற்றைப் பிடித்தால் கல்லின் முகம் அடைபட்டுப் பளபளக்கும். பின் அது வெட்டாது, சூடுதான் ஏறும். அத்தகைய கல்லைக் கடைகளில் கிடைக்கும் டிரஸ்ஸர் என்னும் பற்சக்கரக் கருவியால் தேய்த்து முகத்தைப் புதுப்பிக்கலாம். மேடு பள்ளமாகி அதிரும் கல்லும் இவ்வாறே சீர்படும்.

கருவி நீலம் பூத்தால் தோய்ச்சல் கெட்டது என்று பொருள். ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் இந்நிறம் தோன்றும். பார்வைக்கு அழகாயினும், மென்மையுற்ற அந்த விளிம்பு ஒரு வயல் அறுப்பதற்குள் மழுங்கிவிடும். ஆதலின் லேசாகத் தொட்டு, அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டுக. நனைய வேண்டியது கருவியே. நின்றிருக்கும் கல் நீரை உறிஞ்சினால் ஒரு பக்கம் கனத்து ஓடும்போது அதிரும். கருக்கரிவாளின் பற்களைச் சாணையில் காட்டினால் அவை தேய்ந்து மறையும்.

பொதுப் பட்டறையாயின், சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். விரிசல் கண்ட கல்லை மூலையில் போட்டு வைத்தல் கூடாது. மறுநாள் அறியாத ஒருவர் எடுத்து மாட்டிவிடக்கூடும். அன்றே உடைத்துக் குழியில் இட்டு மூடிவிடுக.