பூம்புகார் முகாமுக்கு உதவிக்கு வர்றீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு வாங்க

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோட கோடை முகாமுக்குக் கூடமாட நிக்கிறேன்னு பேர் குடுத்திருக்கீங்க. சந்தோஷம். ஆனா "சேவை செய்ய வந்தேன்"கிற முகத்தை மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுலேயே இறக்கி வெச்சிடுங்க. பிள்ளைங்க விளையாட வர்றாங்க, அதுக்கு உங்க கையும் காலும் வேணும், அவ்வளவுதான். நேரமில்லைன்னு தெரியும். பஸ்ல வரும்போது இதை மட்டுமாவது படிச்சிடுங்க.

1. கேட்காம கை வைக்காதீங்க. பின்னாலேருந்து திடீர்னு வீல்சேரைத் தள்ளுறது, "பாவம்"னு கன்னத்தைக் கிள்ளுறது ரெண்டும் வேணாம். "தள்ளட்டுமா?"ன்னு பிள்ளைகிட்டயே கேளுங்க, அம்மாகிட்ட கேட்காதீங்க. பேச்சு குழறுற பிள்ளை பதில் சொல்ல நேரமாகும், பொறுங்க. புரியலைன்னா புரிஞ்ச மாதிரித் தலையாட்டாம இன்னொரு தடவை கேளுங்க. தலையாட்டுனா அதுங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்!

2. தூக்குறதுலதான் நிறையப் பேர் சொதப்புறீங்க. ரெண்டு பக்க பிரேக்கையும் போட்டு, கால் வைக்கிற பலகையை மடக்கிட்டு அப்புறம் தூக்குங்க. நெல் மூட்டை மாதிரி அள்ளித் தோள்ல போடக் கூடாது. வீல்சேரோட தூக்கணும்னா கைப்பிடிப் பலகையைப் பிடிக்காதீங்க, கழண்டு கையோட வந்துடும். சட்டத்தைப் பிடிங்க. தசைச் சிதைவு உள்ள பையனை அக்குள்ல கை குடுத்துத் தூக்கினா தோள்ல பலமில்லாம நழுவிடுவான். வீட்டுல எப்படித் தூக்குறாங்கன்னு அம்மாவை ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. இறக்கத்துல வண்டி பின்பக்கமா இறங்கணும்.

3. மணல். சென்னை மெரினாவுல 2022 நவம்பர்ல வீல்சேருக்கு மரப்பாதை திறந்தாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திடுச்சு. அந்த மாதிரிப் பாதையை நம்பி இங்க வராதீங்க. ரெண்டு மூணு பிளைவுட் பலகை கொண்டு வந்து மாத்தி மாத்திப் போட்டா போதும். பலகை இல்லைன்னா முன் சக்கரம் மணல்ல புதையாம, பின்பக்கமா இழுங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஆளுங்க கரையிலதான் இருப்பாங்க. மீனவ ஊர்ப் பஞ்சாயத்தார்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா மணல்ல பாரம் இழுத்துப் பழகின தம்பிங்க கை குடுப்பாங்க. ஈர மணல்ல உட்காரலாம், குளிக்கிற பேச்சே வேணாம். இங்க கரையில பாறாங்கல், கடலும் சாதுவானது இல்ல.

4. வெயில். மே மாசம் அக்னி நட்சத்திரம். பத்து மணியிலேருந்து நாலு வரைக்கும் நிழல்லதான். கால்ல மாட்டுற காலிப்பர் இரும்பும் வீல்சேர் சீட்டும் கொதிக்கும். முதுகுத்தண்டுக் குறைபாட்டோட பிறந்த பிள்ளைக்குக் கால்ல உணர்ச்சி கம்மி, சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நாம பார்ப்போம். உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி உங்க புறங்கையை வெச்சுப் பாருங்க. சாயங்காலம் காலிப்பரைக் கழட்டினதும் சிவந்த தடம் இருக்கான்னு பாருங்க. அரை மணி நேரத்துல மறையலைன்னா மறுபடி மாட்டாம பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, பலூன் தோரணம் கட்டாதீங்க. அதே முதுகுத்தண்டுப் பிள்ளைகள்ல பலருக்கு ரப்பர் அலர்ஜி உண்டு, மூச்சு வரைக்கும் போகும். கலர் பேப்பர் ஒட்டினா ஆகாதா?

5. டேப் எடுத்துட்டு ஒருத்தர் முதல் நாளே வரணும். கழிப்பறைக் கதவு அகலம் எவ்வளவு, வீல்சேர் அகலம் எவ்வளவு, படி எத்தனை, எல்லாத்தையும் எழுதுங்க. 1973-ல கட்டின ஏழு நிலை சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் இதேதான். திறந்திருக்கான்னும் கேட்டுக்கோங்க. கழிப்பறை சரியில்லைன்னா பெரிய பொண்ணுங்க தண்ணியே குடிக்காம இருந்துடும், இந்த வெயில்ல அது ஆபத்து. பொண்ணுங்களுக்குப் பெண் தன்னார்வலர்தான். யாரா இருந்தாலும் கூப்பிடு தூரத்துல இன்னொருத்தர் நிக்கணும்.

6. சாப்பாடு ஊட்டுறப்போ நிமிர்ந்து உட்கார வைங்க, தாடை கொஞ்சம் கீழே இருக்கட்டும். தலையைப் பின்னால சாய்ச்சு ஊத்தினா புரையேறும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குச் சாதம் குழைய இருக்கணும். கடற்கரைச் சுண்டல்னா மசிச்சுக் குடுங்க, வறுத்த கடலை வேணவே வேணாம்.

7. வலிப்பு வந்தா கையில சாவி குடுக்குற வேலை, வாயில தண்ணி ஊத்துற வேலை எதுவும் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

8. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போட்டோ எடுக்காதீங்க.

9. பாட்டா, பட்டமா, சாயங்காலம் எங்க போறதுங்கிறதைப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு பண்ணட்டும். முகாம்ல பேசிப் பழகின பிள்ளைங்க எதுவரைக்கும் போவாங்கன்னு கேளுங்க. அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்குக் கேம்ப் ஜெனட்னு ஒரு முகாம் 1951-லேருந்து 1977 வரை நடந்துச்சு. அங்க இருந்து வந்த ஜூடித் ஹியூமன்தான் 1977-ல சான் ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துல மாற்றுத்திறனாளி உரிமைக்காக வாரக்கணக்கா நடந்த உள்ளிருப்புப் போராட்டத்துக்கு முன்னால நின்னாங்க. அந்த முகாமைப் பத்தி 'கிரிப் கேம்ப்'னு 2020-ல படமே வந்திருக்கு, பாருங்க.

10. கிளம்புறப்போ "அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றேன்"னு சும்மா சொல்லாதீங்க. வாசல்லயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை. போக முடியும்னா மட்டும் சொல்லுங்க. சொன்னா, போயிட்டு வாங்க.