வீடும் வேண்டும், மைதானமும் வேண்டும்

மும்பையில் இடத்துக்குப் பொன் விலை. ஒரு காலி இடம் கண்ணில் பட்டால் போதும். அதில் கட்டிடம் எழுப்ப யாராவது ஆசைப்படுவார்கள்.

தாராவியின் பரப்பு சுமார் 600 ஏக்கர். அதற்குள் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். பிள்ளைகள் சந்திலேயே பந்து விளையாடுகிறார்கள். ஒரு வண்டி வந்தால் ஆட்டம் நின்றுவிடும். வண்டி போன பிறகுதான் மறுபடியும் ஆட்டம்.

"குடியிருக்கவே இடம் இல்லை. விளையாட மைதானம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட வேண்டும்.

மைதானம் எதற்கு?

தாதரில் சிவாஜி பார்க் இருக்கிறது. அது 1925-ஆம் ஆண்டு மக்களுக்காகத் திறக்கப்பட்டது. சுமார் 28 ஏக்கர் பரப்புள்ள மைதானம். பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர் அங்கேதான் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கற்றுக் கொடுத்தார். சச்சின் டெண்டுல்கர் அவரிடம் ஆட்டம் கற்றவர். அந்த மைதானம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே விளையாடியிருப்பார்கள்?

மைதானத்தின் பயன் விளையாட்டோடு முடிவதில்லை. வயதானவர்கள் அங்கே நடக்கிறார்கள். பெண்கள் மாலையில் காற்று வாங்குகிறார்கள். தீப் பிடித்தால் மக்கள் ஓடி வந்து நிற்கத் திறந்த இடம் வேண்டும். மழை நீர் இறங்க மண் தரை வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரை மீறியது. ஊரே வெள்ளக்காடானது. எங்கும் சிமெண்டுத் தரையாக இருந்தால் தண்ணீர் எங்கே போகும்?

ஒரு வெளிநாட்டுக் கதை

மைதானத்தை இழக்கும் கவலை மும்பைக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்று ஒரு நகரம் உண்டு. அதன் அருகே பிராண்டன் என்ற ஊரில் ஒரு பந்தய அரங்கம் இருந்தது. அங்கே 1928 முதல் 'ஸ்பீட்வே' என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது.

இந்தப் பந்தயம் விசித்திரமானது. வண்டிக்குப் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்றுதான். நான்கு வீரர்கள் மண் தடத்தில் நான்கு சுற்று வருவார்கள். வளைவில் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். மண் தெறிக்கும். மக்கள் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். உள்ளூர் அணிக்குத் 'தேனீக்கள்' என்று பெயர்.

அரங்கம் இருந்த நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியது. அங்கே வீடுகள் கட்ட நினைத்தது. 2016-ஆம் ஆண்டோடு அங்கே பந்தயம் நின்றது. அரங்கம் பூட்டிக் கிடந்தது. பாழடைந்தது. தீ வைப்பும் நடந்தது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். "இந்த அரங்கத்தில் இனி வருமானம் வராது" என்று நிறுவனம் சொன்னது. "வரும்" என்று ரசிகர்கள் கணக்குக் காட்டினார்கள். அந்த நாட்டில் ஒரு திட்ட விதி உண்டு. விளையாட்டு இடத்தில் வீடு கட்ட வேண்டுமானால், அந்த இடம் தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடான வேறு இடம் தர வேண்டும். இந்த விதியை ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

2022-இல் உள்ளூர் மன்றம் வீடு கட்ட அனுமதி மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-இல் அதுவும் தள்ளுபடி ஆனது.

ரசிகர்கள் வழக்கில் வென்றார்கள். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளும் அரங்கத்தில் பந்தயம் நடக்கவில்லை. இந்தக் கதை சொல்லும் பாடம் என்ன? மைதானம் திறந்திருக்கும்போதே அதைக் காக்க வேண்டும். பூட்டு விழுந்த பிறகு காப்பது கடினம். பிள்ளைகள் ஓடும் மைதானத்தைக் கேட்க எவருக்கும் தயக்கம் வரும். குப்பை மேடான மைதானத்தைக் கேட்பது எளிது.

வரைபடம் பேசும்

இங்கிலாந்தில் ரசிகர்களுக்கு ஒரு விதி கைகொடுத்தது. இங்கே எது கைகொடுக்கும்?

மகாராஷ்டிரத்தில் 1966-ஆம் ஆண்டு ஒரு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நகரத்துக்கும் வளர்ச்சித் திட்டம் போட வேண்டும். அதில் வரைபடம் இருக்கும். எந்த நிலம் பள்ளிக்கு, எந்த நிலம் மருத்துவமனைக்கு, எந்த நிலம் மைதானத்துக்கு என்று அதில் குறித்திருப்பார்கள். இப்படிக் குறிப்பதற்கு 'இட ஒதுக்கீடு' என்று பெயர். வேலைக்கும் படிப்புக்கும் உள்ள இட ஒதுக்கீடு வேறு. இது நிலத்துக்கான ஒதுக்கீடு.

மைதானம் என்று வரைபடத்தில் குறித்த நிலத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. முதலில் பொது அறிவிப்புத் தர வேண்டும். மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. அங்கே ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் ஒரு நிலம் பூங்காவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் வசித்த மக்கள் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கு இதில் என்ன உரிமை?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-இல் தீர்ப்பு வந்தது. பூங்காவைக் காக்க அங்கே வசிக்கும் மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. நிலம் கொடுத்தது செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் அதற்காகப் பூங்காவை எடுக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆலை நிலம் கற்றுத் தந்த பாடம்

எல்லாப் போராட்டமும் வெற்றியில் முடிவதில்லை. மும்பையின் பஞ்சாலை நிலங்களே இதற்குச் சாட்சி.

பரேல், லால்பாக், வர்லி பகுதிகளில் ஆலைகள் வரிசையாக இருந்தன. 1982-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நிலம் மட்டும் மிஞ்சியது. அந்த நிலத்தை என்ன செய்வது?

1991-இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தில் புதிதாகக் கட்டுவதானால் அதை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும். ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு. ஒரு பங்கு ஆலை முதலாளிக்கு. சுருக்கமாகச் சொன்னால், மக்களுக்கு வீடும் உண்டு, மைதானமும் உண்டு.

2001-இல் இந்த விதியைத் திருத்தினார்கள். முழு நிலத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டாம், கட்டிடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றார்கள். ஆலை என்றால் பெரும்பகுதி கட்டிடம்தானே? காலி இடம் கொஞ்சம்தான். அதனால் மக்களின் பங்கு மிகவும் சுருங்கியது.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2001-இன் திருத்தம் செல்லும் என்றது. ஆலைகள் இருந்த இடத்தில் உயர்ந்த கோபுரக் கட்டிடங்களும் கடைவீதி மாளிகைகளும் எழுந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதியில் மாறியவை சில சொற்கள்தான். 'முழு நிலம்' என்பது 'காலி நிலம்' ஆனது. அந்தச் சில சொற்களால் ஏக்கர் ஏக்கராக நிலம் கை மாறியது. படிக்கத் தெரிந்தவர்கள் அறிவிப்பை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மக்கள் எழுதினார்கள், திட்டம் மாறியது

2015 பிப்ரவரியில் மும்பைக்குப் புதிய வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியானது. அதில் நிறையப் பிழைகள் இருந்தன. கட்டிடம் இருக்கும் இடத்தில் சாலை போட்டிருந்தார்கள். மக்கள் வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள். தங்கள் தெருவைத் தேடினார்கள். பிழைகளைக் குறித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில் அந்த வரைவைக் கைவிட்டுப் புதிதாகத் தயாரிக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். திருத்திய வரைவு 2016-இல் வெளியானது. 2018-இல் அரசு ஒப்புதல் தந்தது.

தாராவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. மித்தி ஆற்றின் கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. பலர் அதை மாகிம் இயற்கைப் பூங்கா என்பார்கள். பரப்பு சுமார் 37 ஏக்கர். அது ஒரு காலத்தில் ஊர்க் குப்பை கொட்டிய இடம். அங்கே மண் போட்டு மரம் நட்டார்கள். 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். குப்பை மேடு சோலையானது.

பின்னாளில் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. பூங்காவும் அதில் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023-இல் அதிகாரிகள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். கேட்டதால்தான் இந்தப் பதில் கிடைத்தது.

என்ன செய்யலாம்?

1. மைதானத்தைப் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் தினமும் விளையாடட்டும். குப்பை கொட்ட விடக் கூடாது.

2. வரைபடத்தில் அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். மாநகராட்சியில் கேட்கலாம். தாராவி 'ஜி வடக்கு' வார்டில் உள்ளது. மாட்டுங்கா 'எஃப் வடக்கு' வார்டு. செம்பூர் 'எம் மேற்கு' வார்டு. தாராவி மறுசீரமைப்புப் பகுதிக்குத் தனித் திட்ட அலுவலகமும் உண்டு.

3. பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இது 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டணம் கட்டி மனு எழுதலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

4. பொது அறிவிப்பு வந்தால் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும். தேதி தாண்டினால் பயனில்லை.

5. மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்க வேண்டும். அந்த நகலைப் பத்திரமாக வைக்க வேண்டும். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

6. தனியாக அலையாமல் சேர்ந்து செய்ய வேண்டும். மகளிர் மன்றம், இளைஞர் சங்கம், வீட்டுவசதிச் சங்கம் எல்லாம் கையெழுத்துப் போடலாம்.

வீடு கேட்பவர்களும் மைதானம் கேட்பவர்களும் பகைவர்கள் அல்ல. பெரும்பாலும் இருவரும் ஒரே குடும்பத்தார். தாய் வீடு கேட்கிறாள். மகன் மைதானம் கேட்கிறான். 1991-இன் ஆலை விதி இரண்டுக்கும் இடம் ஒதுக்கியது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதே முறை. வீடு வந்த பிறகு மைதானம் கேட்டால் அதற்கு நிலம் மிஞ்சியிருக்காது.

அருஞ்சொற்கள்

வரைவு - முடிவு செய்யும் முன் தயாரிக்கும் முதல் எழுத்து
ஆட்சேபம் - மறுப்பு
மேல்முறையீடு - முடிவை மாற்றும்படி மேலிடத்தில் கேட்பது
மறுசீரமைப்பு - பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அமைப்பது
நகல் - ஒன்றைப் போல எடுத்த மறு பிரதி

பேசிப் பாருங்கள்

1. உங்கள் பகுதியில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? அந்த நிலம் யாருடையது?
2. பிராண்டன் ரசிகர்கள் வழக்கில் வென்ற பிறகும் அவர்களுக்கு என்ன குறை இருந்தது?
3. ஆலை நில விதியில் 2001-இல் எந்தச் சொல் மாறியது? அதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?
4. உங்கள் தெருவுக்கு அருகே உள்ள ஒரு மைதானத்தின் பெயரை எழுதுங்கள். அது வரைபடத்தில் எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று கேட்டு வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் பழகுங்கள்.