எது சிறந்த படைக்கலம்?



சென்ற பருவத் தேர்வு முடிந்த அன்று கலினா வளாகச் சிற்றுண்டிச்சாலையில் முதலாண்டு மாணவர் இருவர் என்னை மறித்துக்கொண்டனர். "அண்ணா, எல்டன் ரிங் விளையாட்டில் எந்த ஆயுதம் பெஸ்ட்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்" என்றனர். நான் பெயர் சொல்லவில்லை. அதற்குக் காரணம் கர்வமன்று. அதே கேள்விக்கு ஒரே பெயரை விடையாகப் பெற்று, ஒரு கோடை விடுமுறை முழுவதையும் இழந்தவன் நான். அக்கதையையும் அதனால் கற்ற பாடத்தையும் இங்கே கூற விழைகின்றேன்.

வீடியோ விளையாட்டைப் பற்றிச் சங்க மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் எழுதாவிட்டாலும் விளையாடுவோர் விளையாடத்தான் போகின்றனர். கணக்கறிந்து விளையாடினால் நேரமாவது மிஞ்சுமன்றோ? நம்மில் பலருடைய நேரம், பெற்றோர் உழைப்பால் நமக்கு வாங்கித் தந்த நேரம் என்பதையும் மறத்தலாகாது.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். நம் மராட்டிய மண்ணிலேயே, புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற நிறுவனம் 2020-இல் 'ராஜி' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. நம் நாட்டுப் புராணங்களைத் தழுவிய அதில், திரிசூலமும் வில்லும் ஏந்தி ஒரு பெண் அசுரருடன் போரிடுகின்றாள். ஆயினும் அங்கே கதை செல்லச் செல்லப் படைக்கலங்கள் தாமே கைக்கு வந்து சேரும். தேர்ந்தெடுக்கும் தொல்லை மிகக் குறைவு. தொல்லை மிகுந்தது எல்டன் ரிங். ஜப்பானிய நிறுவனமாகிய பிரம்சாப்ட்வேர் இதனை 2022 பிப்ரவரி 25-ஆம் நாள் வெளியிட்டது. இயக்கியவர் ஹிடேடக்கா மியாசக்கி. இதில் படைக்கலங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நம் தென்னாட்டுப் பொருள்களும் அவற்றுள் இரண்டு உண்டு. சாட்டை வகையில் 'உருமி' எனப்படும் சுருள்வாள் இருக்கின்றது. கைப்பிடிக் கருவிகளில் 'கட்டார்', அதாவது நம் கட்டாரி, இருக்கின்றது. தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த கட்டாரிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்டவர்கள் அதனை உடனே இனங்கண்டுகொள்வர்.

இத்தனை கருவிகளுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? திருக்குறளின் பொருட்பாலில் 48, 49, 50 ஆகிய மூன்று அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அவ்வரிசையையே நம் கணக்கிற்கும் வரிசையாகக் கொள்வோம்.

வலி

ஒவ்வொரு படைக்கலத்திற்கும் ஒரு தகுதி வரையறை உண்டு. விளையாடுபவனுக்கு உயிராற்றல், மனவலி, தாங்குதிறன், வலிமை, கைத்திறன், அறிவு, பக்தி, மறைஞானம் என எட்டுப் பண்புகள். ஒரு படி உயர்ந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அதனை எட்டில் ஏதேனும் ஒன்றில்தான் இடலாம். படி உயர உயர அதன் விலையும் உயரும். எனவே புள்ளி என்பது செலவழிக்க வேண்டிய பொருள். ஓரிடத்தில் இட்டால் மற்றோரிடத்தில் இல்லை.

நான் செய்த பிழை இங்கேதான் தொடங்கிற்று. 2022 மே மாதம், செம்பூரில் நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய கணிப்பொறியில் விளையாடத் தொடங்கினேன். தாராவியிலிருந்து என் தம்பியும் உடன் வருவான். நான் தேர்ந்தது 'வேகபாண்ட்' என்னும் நாடோடி வீரன். என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதலிடம் பெற்றிருந்தது 'இரவும் தீயும்' என்று பொருள்படும் பெயருடைய ஒரு வாள். அதனை ஏந்த வலிமை 12, கைத்திறன் 12, அறிவு 24, பக்தி 24 வேண்டும். நாடோடி வீரனுக்குத் தொடக்கத்தில் வலிமை 14, கைத்திறன் 13, அவற்றில் குறையில்லை. ஆனால் அறிவு 9, பக்தி 9. ஆகவே 15-உம் 15-உம் கூட்டி, 30 புள்ளிகளை அவ்வாளுக்கே செலவிட்டேன்.

அந்த 30 புள்ளிகள் வேறு என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். நாடோடி வீரனின் உயிராற்றல் 15. அதற்குரிய உயிரளவு 522. அதே உயிராற்றலை 40 ஆக்க 25 புள்ளிகளே போதும். அப்பொழுது உயிரளவு 1450. பகைவனின் ஓர் அடி 200 உயிரைக் குறைக்குமென்று வைத்துக்கொள்வோம். முன்னவன் மூன்றாம் அடியில் வீழ்வான். பின்னவன் எட்டாம் அடியில்தான் வீழ்வான். வீழ்ந்தவன் கையில் எவ்வளவு உயர்ந்த வாள் இருந்து என்ன பயன்?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உயிராற்றலை 40-லிருந்து 60 ஆக்கினால் உயிரளவு 1900 ஆகும். 20 புள்ளிக்கு 450 கிடைக்கின்றது. 60-லிருந்து 99 ஆக்கினால் 2100 தான். 39 புள்ளிக்கு வெறும் 200. பொருளியல் மாணவர்கள் இதனைக் குறைந்து செல் விளைவு விதி என்பர். எங்கே நிறுத்துவது என்பதும் வலியறிதலில் அடங்கும்.

வலிமையைப் பற்றி மற்றொரு நுட்பம். ஒரு கருவியை இரு கைகளாலும் பற்றினால் வலிமை ஒன்றரை மடங்காகக் கொள்ளப்படும். 'கிரேட்சோர்டு' என்னும் பெருவாளுக்கு வலிமை 31 வேண்டும். ஆனால் 21 உடையவன் இரு கைகளாலும் பிடித்தால் 21 பெருக்கல் ஒன்றரை, 31.5 ஆகின்றது; வாள் அவன் சொற்படி கேட்கும். கேடயம் பிடிக்கக் கையில்லை என்பதுதான் அதன் விலை. சுமையையும் மறக்கக்கூடாது. அப்பெருவாளின் எடை 23. எளிய நீள்வாளின் எடை 3.5 மட்டுமே. தாங்கக்கூடிய மொத்தச் சுமையில் 70 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், உருண்டு தப்பும் வீரன் மூட்டைபோல் உருளுவான்.

காலம்

அடியின் அளவை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. அவ்வடியை அடிக்க எவ்வளவு நேரம் ஆகின்றது என்பது மறுபாதி. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டு. பெருவாள் ஒன்று ஓர் அடியில் 600 குறைக்கும், 1.2 நொடி எடுத்துக்கொள்ளும் என்று கொள்வோம். சிறுவாள் 200 குறைக்கும், அரை நொடி போதும். பகைவன் தாக்கி முடித்து அயர்ந்து நிற்கும் இடைவெளி ஒரு நொடியானால், சிறுவாள் இரண்டு அடி அடித்து 400 குறைத்துவிடும். பெருவாள் ஓங்கிய நிலையிலேயே அடிபடும். இடைவெளி 1.3 நொடியானால் பெருவாளுக்கு 600, சிறுவாளுக்கு 400. நொடியில் பத்தில் மூன்று பங்கு வேறுபாட்டில் சிறந்தது எது என்ற விடையே மாறிவிட்டது. ஆகவே பகைவனைச் சிலமுறை அடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலையன்று. ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்குமுன் கருவியைச் சரிபார்ப்பது போன்றது அது.

காலத்தைச் சார்ந்தது மற்றொன்றும் உண்டு. அதுதான் தீட்டுதல். எந்தப் படைக்கலமும் கிடைத்தபடியே இருந்தால் நெடுவழி செல்லாது. கொல்லனிடம் கொடுத்து, தீட்டுகல் கொண்டு, படிப்படியாக உயர்த்த வேண்டும். பொதுவகைக் கருவிகள் 25 படி உயரும். மூன்று மூன்று படிகளுக்கு ஒரு தரக்கல். அம்மூன்றுக்கும் முறையே 2, 4, 6 கற்கள், ஆக 12. எட்டுத் தரங்களுக்கு 96 கற்கள். கடைசிப் படிக்கு அரிய கல் ஒன்று. தனிவகைக் கருவிகளுக்குப் பத்துப் படிகளே. படிக்கு ஒரு கல்.

தொடக்கத்தில் கற்கள் அரியவை. நான்கு வாள்களுக்குப் பங்கிட்டால் நான்கும் மொட்டையாகவே இருக்கும். நான் அதைத்தான் செய்தேன். பட்டியல் வாள் கைக்கு வரும்வரை பயன்படட்டுமென்று கண்ட வாள்களுக்கெல்லாம் கல்லைச் செலவிட்டேன். ஒன்றும் தீட்டுப்படவில்லை.

இடம்

வெட்டு, குத்து, மோதல், பொது அடி எனப் பருப்பொருள் தாக்குதலிலேயே நான்கு வகை உண்டு. இவற்றுக்கு மேல் மந்திரம், தீ, மின்னல், புனிதம் என்பன வேறு. சுரங்கங்களில் கல் உடம்புடன் வேலை செய்யும் தொழிலாளர் உருவங்களை வாளால் வெட்டினால் பயன் சிறிது. தடியால் மோதினால் உடையும். தீட்டுகற்கள் பெருவாரியாகக் கிடைப்பதோ அச்சுரங்கங்களில்தான். குருதி வடியச் செய்யும் வாள்கள், பகைவனின் முழு உயிரளவில் ஒரு பங்கையே குறைப்பதால், பேருருவங்களுக்கு எதிரில் நன்கு உதவும். ஆனால் எலும்புக்கூட்டிற்குக் குருதி ஏது? அங்கே அவ்வாளின் சிறப்பு செல்லாது.

இருவகைத் தாக்குதலைக் கலந்து தரும் கருவிகளைக் கண்டு மயங்கவும் கூடாது. பகைவனின் தடுப்பாற்றல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். 400 அளவுள்ள ஒரே வகைத் தாக்குதல் ஒரு தடுப்பைத்தான் கடக்க வேண்டும். 200-உம் 200-உமாகப் பிரிந்து வருவது இரண்டு தடுப்புகளைக் கடக்க வேண்டும். பகைவன் அவ்வகைக்கு நலிந்தவனாக இருந்தாலொழியப் பிரிந்த படையே பெரும்பாலும் இளைக்கும்.

பட்டியலின் கதி

இனி என் கதைக்கு வருகின்றேன். ஏறத்தாழ 40 மணி நேரம் அலைந்து, கேரியா மாளிகையில் அவ்வாளை எடுத்தேன். அடித்துப் பார்த்தால், பட்டியல் சொன்ன அளவில் அது பாயவில்லை. பிறகுதான் உண்மை விளங்கிற்று. பட்டியல் பிப்ரவரியில் எழுதப்பட்டது. மார்ச்சு மாதத் திருத்தத்திலேயே அவ்வாளின் சிறப்பாற்றலை நிறுவனத்தார் குறைத்துவிட்டனர். நான் தேடிப் போனதோ மே மாதத்தில். வாள் அதேதான்; பெயரும் அதேதான்; புகழுக்குக் காரணமானது மட்டும் இல்லை. இதற்கு யாரையும் குறை கூறுவதற்கில்லை. எந்நாளில் எழுதியது என்று பாராமல் நம்பியவன் நான்.

அதற்குள் தம்பி என்ன செய்தான்? தொடக்கத்தில் உள்ள பத்து வகை வீரரில் கதியற்றவன் ஒருவன் இருக்கின்றான். உடையில்லை, படி 1, எட்டுப் பண்பும் 10, கையில் ஒரு தடி. தம்பி அவனைத்தான் எடுத்தான். "இவனுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணே, அதனால எதை வேணும்னாலும் ஏத்திக்கலாம்" என்றான். அத்தடிக்கு வேண்டிய வலிமை 10. அது அவனிடம் முன்பே இருந்தது. கிடைத்த புள்ளிகளை உயிராற்றலுக்கும் வலிமைக்கும் இட்டான். சுரங்கத்திற்குப் போய், தடியாலேயே கல்லுடம்புகளை உடைத்து, தீட்டுகற்களைத் திரட்டி, அத்தனையையும் அந்த ஒரே தடிக்குக் கொடுத்தான். கோட்டை வாயிலைக் காக்கும் மார்கிட் என்பவனிடம் எத்தனையோ முறை வீழ்ந்தான். அவன் கை ஓங்கி நிறுத்தி, தாமதித்து அடிக்கும் வழக்கத்தைக் கண்டுகொண்டான். ஒரு ஞாயிறு மாலையில் அவனை வென்று உள்ளே போனான். பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அன்றிரவு வீட்டில் இதைப் பற்றி இருவரும் வாதாடினோம். எங்கள் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தோல் பைகள் தைக்கும் பட்டறையில் தோல் அறுக்கும் வேலை செய்பவர். விளையாட்டைப் பற்றி ஒன்றும் அறியார். வாள், பட்டியல், முதலிடம் என்ற சொற்கள் மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தம் கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "எலே, கத்திக்கு என்னல பேரு? தீட்டுனா கத்தி, தீட்டாட்டி தகரம்" என்றார். அக்கத்தியின் அலகு பாதியாகத் தேய்ந்திருக்கின்றது. பட்டறையில் புதுக் கத்திகள் இருக்கின்றன. அவர் கைக்கு இதுதான் படிந்தது என்பார்.

நண்பர்களே, தேர்வு முறையை இனிச் சுருக்கமாகத் தொகுத்துக் கூறுவேன். இன்று உங்களுக்குள்ள புள்ளிகளுக்குள் அடங்கும் கருவியை எடுங்கள். உயிராற்றலுக்கு முதலில் இடுங்கள். சுமை 70 விழுக்காட்டிற்குள் நிற்கட்டும். முதன்மைக் கருவி ஒன்றையே முழுதும் தீட்டுங்கள். வேறுவகை அடி தரும் துணைக்கருவி ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகைவனிடமும் இடைவெளியின் நீளத்தை அறியுங்கள். பட்டியல் கண்டால், முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

அவ்விரு முதலாண்டு மாணவர்க்கும் நான் இதையே சொன்னேன். ஒருவர், "அப்படியானால் பெயர் கிடையாதா அண்ணா?" என்று மீண்டும் கேட்டார். உங்களிடம் இப்போது என்ன இருக்கின்றது என்று திருப்பிக் கேட்டேன். நீள்வாள் என்றார். அதற்கு எத்தனை கல் கொடுத்தீர்கள் என்றேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்றார். அங்கிருந்து தொடங்குங்கள் என்று கூறி, தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்திற்குப் போனேன்.