கான்டெஸாவின் பானெட்டை வெட்டலாமா?

கேள்வி: அப்பாவின் 1989 கான்டெஸா கிளாசிக் எங்களிடம் இருக்கிறது. அமெரிக்க மஸில் கார்களில் வருவதுபோல பானெட்டில் ஸ்கூப் (காற்று பிடிக்கும் மேடு) வைக்க ஆசை. வைக்கலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: அசல் பானெட்டில் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள்.

கான்டெஸாவுக்குக் கம்பெனி ஸ்கூப் கொடுத்ததே இல்லை. மஸில் கார்களுக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் 1964 போன்டியாக் ஜி.டி.ஓ.விலேயே ஸ்கூப் வெறும் அலங்காரம்தான், துளை கிடையாது. அடுத்த ஆண்டுதான் ஸ்கூப்பைத் திறந்து, கார்புரேட்டரைச் சுற்றி ஒரு தட்டு பொருத்தி, அது பானெட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பரால் இறுக மூடும்படி செய்தார்கள். அந்த அடைப்பு இருந்தால்தான் வெளிக்காற்று எஞ்சினுக்குள் போகும். வெறும் ஓட்டை போட்டால், ஐப்பசி மழை நேரே டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழும். வண்டி லஸ் முனையிலேயே நின்றுவிடும். பானெட்டின் உள்சட்டத்தை வெட்டினால் தகடு தளர்ந்து அதிரும். வெட்டிய விளிம்பைக் கடற்காற்று சும்மா விடாது.

இன்னொன்று முக்கியம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. உங்கள் காருக்கு அந்தத் தகுதி 2039-இல் வரும்.

ஆசை விடவில்லையென்றால், புதுப்பேட்டையில் பழைய பானெட் ஒன்று தேடுங்கள். நல்ல டிங்கரிடம் கொடுத்து, துளையிடாமல் தகட்டு ஸ்கூப் பொருத்துங்கள். ஓட்டுநர் பார்வையை மறைக்காத உயரம் போதும். பொருத்துமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அப்பாவின் பானெட்டைத் துணி சுற்றி, ஈரம் படாமல் பத்திரமாக வையுங்கள்.