செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

புரட்டாசி முடியப் போகிறது. வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். தாம்பரம் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் பல. அவற்றில் முதலாவதற்குப் பைசா செலவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். உங்கள் தெருவுக்கு மழைத்தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, எந்த ஏரிக்குப் போகிறது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நவம்பர் வந்தால் எல்லாத் தொலைக்காட்சியிலும் செம்பரம்பாக்கம்தான். 24 அடியில் இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி திறப்பு என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அதைப் பார்த்து, "இன்னும் திறக்கலையாம்" என்று நிம்மதியாகப் படுக்கப் போகிறவர்கள் உண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்புறம் இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் நுழைவது ஆதனூர், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் அனுப்பும் தண்ணீர். நந்திவரம், ஊரப்பாக்கம் பக்கத்திலிருந்து வருவதும், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகள் வழிந்து வருவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செம்பரம்பாக்கம்போலத் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. நிரம்பினால் கலங்கல் வழியே தானாகப் போகும். 'நாளைக் காலை திறக்கப் போகிறோம்' என்ற அறிவிப்புக்கே அங்கே இடமில்லை.

ஆகவே மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஆதனூரில் கலங்கல் போகுதா?" அந்தப் பக்கத்தில் ஒரு பால்காரரையோ கடைக்காரரையோ இப்போதே பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழை இரவில் அவருடைய ஒரு போன், எந்தச் செய்திச் சேனலையும்விட உங்களுக்கு உதவும்.

அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் பக்கம் ஆற்றை ஒட்டி இருப்பவர்கள் கதை வேறு. செம்பரம்பாக்கம் செய்தி உங்களுக்குத்தான். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து சுமார் 29,000 கன அடி வெளியேறியபோது, மேலிருந்து வந்த ஆற்று வெள்ளமும் சேர்ந்தே உங்கள் கரையைத் தாண்டியது. நீங்கள் இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரயில் பாதைக்குக் கிழக்கே வந்தால் அடையாற்றுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வழி. சிட்லபாக்கம் ஏரி வழிந்தால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். பல்லாவரம் பெரிய ஏரித் தண்ணீரும் கீழ்க்கட்டளையில்தான் வந்து சேரும். சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் மேலே உள்ள ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் நகராது.

சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் குடியிருப்பவர்களே ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றினார்கள். அரசின் சீரமைப்பு பிறகு வந்தது. மெச்ச வேண்டிய காரியம். ஆனால் நம் ஊரில் ஏரி என்றால் கரையும் நடைபாதையும் பெஞ்சும்தான் கண்ணில் படுகின்றன. இரண்டு ஏரிக்கும் நடுவே ஓடும் கால்வாயை யாரும் படமெடுத்துப் பகிர்வதில்லை. தெருவுக்குள் வெள்ளம் வருவது பெரும்பாலும் அந்தக் கால்வாயின் பழுதால்தான்: ஓரிடத்தில் 20 அடி அகலம், அடுத்த திருப்பத்தில் வீட்டுச் சுவருக்கு நடுவே 6 அடி. ஞாயிற்றுக்கிழமை நடக்கும்போது அந்த ஒடுங்கும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

திசை தெரிந்தால் தயாரிப்பும் மாறும். மேற்கே ஆறு ஏறினால் சில மணி நேரத்தில் மார்பளவு வரும். அங்கே இருப்பவர்களுக்கு முக்கியம், சீக்கிரம் கிளம்புவது: இரண்டு நாள் துணி, மருந்து, காகிதங்கள் அடங்கிய ஒரு பை, போய்த் தங்க ஒரு வீடு. கிழக்கே, பள்ளிக்கரணையை நெருங்க நெருங்க, தண்ணீர் மெல்ல ஏறி நாள் கணக்கில் நிற்கும். அங்கே குடிநீர், அரிசி, கேஸ், சார்ஜ் இவற்றை வீட்டில் சேர்த்து வைப்பதுதான் முக்கியம். கைக்குழந்தையோ, படுக்கையில் இருப்பவரோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ வீட்டில் இருந்தால் எந்தத் திசையானாலும் முதல் ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே இடம் மாறிவிடுங்கள்.

அந்த நிற எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளில் சுமார் 11.5 முதல் 20.4 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. அக்டோபர் ஆரஞ்சும் நவம்பர் கடைசி ஆரஞ்சும் ஒன்றல்ல. அக்டோபரில் ஏரிகளில் இடம் இருக்கும், மண் தண்ணீரை உறிஞ்சும். நவம்பர் முடிவில் எல்லாம் நிரம்பிக் கிடக்கும். அதே 12 சென்டிமீட்டர் அப்படியே தெருவுக்கு வரும். பெரிய அடிகள் விழுந்த தேதிகளைப் பாருங்கள். 2015இல் நவம்பர் நடுவிலேயே முடிச்சூரில் படகு விட்டார்கள். அதன் பிறகு டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4. ஃபெஞ்சல் கரை கடந்தது 2024 நவம்பர் 30. தீபாவளி மழையில் தெரு தப்பித்துவிட்டால் 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று தரையில் இறக்கி வைத்த சாமான்கள்தான் கார்த்திகையில் மிதக்கின்றன. மேலே ஏற்றியதை மார்கழி பிறக்கும்வரை இறக்காதீர்கள்.

இனி வீட்டுக்குள்.

மின்சாரத்தை முதலில் கவனியுங்கள். தண்ணீர் வந்தால் இ.பி. ஆட்கள் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிடுவார்கள். அதை நம்பி நனைந்த சுவரைத் தொடுகிறோம். ஆனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நிற்பதில்லை. அதன் பேட்டரி தரையில் இருந்தால் இந்த வாரமே மேடையில் ஏற்றுங்கள், கிளம்பும்போது அதையும் அணைத்துவிட்டுப் போங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகள் இன்னும் ஏராளம். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்துங்கள், இருந்தால் அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கள். போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி முழங்கால் உயரத்தில் இருக்கிறதா? அதையும் தோள் உயரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மின்தடை, அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம் எல்லாவற்றுக்கும் மின்னகம்: 94987 94987.

அடுத்தது சம்ப். வெள்ளம் போன பிறகும் வாரக்கணக்கில் வயிற்றைக் கெடுப்பது இதுதான். மூடி தரையோடு தரையாக இருந்தால் சுற்றிலும் ஒரு அடிக்குச் சுவர் எழுப்பி இறுக்கமான மூடி போடுங்கள். பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கும் நம் மனைகளில் தெருத்தண்ணீர் என்றால் அது கழிவுநீரும்தான். செப்டிக் டேங்கை மழைக்கு முன்பே லாரி வைத்து எடுத்துவிடுங்கள். நவம்பரில் லாரி கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும். சம்புக்குள் வெள்ளநீர் புகுந்துவிட்டால் வடிகட்டிக் குடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்: முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்கு எப்படியும் கொதிக்க வைத்தாக வேண்டும். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீர்தான் காரணமா என்பதில் அப்போது வாக்குவாதம் நடந்தது. வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்காமல் கொதிக்க வைத்தவர்கள் புத்திசாலிகள்.

வண்டி. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசை கட்டின. சிரித்தவர்கள் உண்டு, மிக்ஜாமில் காரைப் பறிகொடுத்தவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் பாலத்தை நம்புவதைவிட மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டு வாசலை இப்போதே பேசி வைப்பது நல்லது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போன பிறகு சாவியைத் திருப்புவதுதான் எஞ்சினை உடைக்கிறது; சாதாரண பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணமும் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய மின்சார ஸ்கூட்டரைக் காய்ந்துவிட்டது என்று சார்ஜ் போடுவது அதைவிட ஆபத்து. வீட்டுக்கும் காப்பீடு உண்டு: 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். எடுத்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தப் பல லட்சம் செலவழிக்கத் தயங்காதவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. உயர்த்திய வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பது தனிக்கதை.

தெருவுக்கான வேலையில் யாரிடம் கேட்பது என்பதுதான் பாதிச் சிக்கல். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது. 70 வார்டு, 5 மண்டலம். தெருவோர வடிகால் அவர்கள் பொறுப்பு. ஆறும் ஏரியும் நீர்வளத்துறை. ஜி.எஸ்.டி. சாலை, வேளச்சேரி சாலை ஓர வடிகால் நெடுஞ்சாலைத்துறை. போதாததற்கு ஆற்றுக்கு இக்கரையில் முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், அக்கரையில் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். வெள்ளத்துக்கு இந்தக் கோடுகள் தெரியாது, கோப்புக்கு நன்றாகத் தெரியும். அதனால் மனுவில் 'தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கால்வாய் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று தேதியிட்ட படத்தோடு எழுதி, ரசீது வாங்குங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினம். கிராம சபைகளுக்கு அது உரிய நாள், போய்ப் பேசுங்கள். ஆனால் தூர் வாரும் வேலையை அதுவரை தள்ளிப்போட்டால் அது மழையில்தான் நடக்கும்.

காய்ச்சலுக்கு வருவோம். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கட்டி முடிக்காத வீட்டின் லிஃப்ட் குழி, இவைதான் அதற்கு வேண்டும். வாரம் ஒருமுறை கவிழ்த்தாலே பெருகாது. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும் ஊர் இது, நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனை, அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை அந்த ஒரு வாக்கியம்தான் நினைவூட்டும்.

பாம்பு வரும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதலையும் வரலாம்: மிக்ஜாம் மழையில் நெடுங்குன்றம் சாலையைக் கடந்த முதலையைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து ஏரிகளில் அவை ரொம்ப நாளாகவே இருக்கின்றன, கூச்ச சுபாவம். விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீடியோ எடுக்கக் கிட்டே போக வேண்டாம்.

எண்களைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், மூன்றாம் நாள் போனில் சார்ஜ் இருக்காது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. 1913 சென்னை மாநகராட்சியின் எண். தாம்பரத்திலிருந்து அதை அழைத்து நேரத்தை இழக்காதீர்கள். உங்கள் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறை எண்ணை வார்டு அலுவலகத்தில் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அழைக்கும்போது தெருவோடு வார்டு எண்ணையும், பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளியையோ சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் 'லட்சுமி நகர்' என்றால் படகு எந்த லட்சுமி நகருக்குப் போகும் என்று சொல்ல முடியாது.