பின்வளவில் நெருப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடை தொடங்கியதும் ரொறன்ரோக் கடைகளில் இரும்பு நெருப்புக் கிண்ணங்கள் விற்பனைக்கு வந்துவிடும். கடையில் விற்கிறார்கள் என்றால் வீட்டில் மூட்டலாம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். மூட்டக்கூடாது. ஸ்காபரோ உட்பட ரொறன்ரோ நகர எல்லைக்குள் பின்வளவில் விறகு எரித்துக் குளிர்காய அனுமதி இல்லை. தீக்குழி, சிமினியா எனப்படும் புகைபோக்கி வைத்த அடுப்பு எல்லாம் இந்தத் தடையில் அடக்கம். வாங்கியவர் அதை ஊருக்கு வெளியே, அனுமதி கொடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம், அதனால்தான் விற்கிறார்கள்.

"சொந்தக் காணி, அயலவருக்கும் சம்மதம்" என்பார்கள். இரண்டாலும் தடை நீங்காது.

"இரண்டு சோளம் சுட்டால் அது சமையல்தானே?" இந்தக் கேள்விக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஒன்ராறியோ தீயணைப்பு விதித்தொகுப்பு சமையலுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் நெருப்பு சிறியதாக, ஓரிடத்தில் அடங்கியதாக இருக்கவேண்டும். ஆள் எந்நேரமும் பக்கத்தில் நிற்கவேண்டும். கிரில், பார்பிக்யூ, சுடுகம்பி ஆகியவற்றில் ஒன்றில் சமைக்கவேண்டும். சமைக்கும் உணவின் அளவுக்கு ஏற்றதாகவே நெருப்பும் இருக்கவேண்டும். இரண்டு சோளத்துக்காக நள்ளிரவுவரை மரக்குற்றி எரிந்தால் அதைச் சமையல் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். தைப்பொங்கலுக்கு மூன்று கல் வைத்து விறகு மூட்ட ஆசைப்படுவோரும் இந்தப் பட்டியலைப் பார்க்கவேண்டும்: அதில் கல்லடுப்பு இல்லை. வெளியில் பொங்குவதென்றால், வெளிப்பாவனைக்கென்று செய்த புரொப்பேன் அடுப்பே நல்லது.

எரிவாயுத் தீக்கிண்ணமும் தடை என்பது தவறு. அங்கீகார முத்திரை உள்ளதை, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டு வைத்துப் பயன்படுத்தலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, விறகுப் புகை இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்ற நம்பிக்கை. அந்தப் புகையில் 2.5 மைக்ரோமீற்றரைவிடச் சிறிய துகள்கள் நிறைய உண்டு. அவை நுரையீரலின் ஆழம்வரை போகும். நன்கு காய்ந்த விறகு புகையைக் குறைக்குமே தவிர இல்லாமல் செய்யாது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை நகரை மூடியபோது மூச்சுவிடச் சிரமப்பட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டின் திறந்த யன்னலுக்குள் நேரே போகிறது. அங்கே ஆஸ்துமா உள்ள பிள்ளை தூங்குகிறதா என்பது நெருப்பு மூட்டியவருக்குத் தெரியாது.

விறகு நெருப்பைச் சுற்றி இருந்து கதைக்கத்தான் வேண்டும் என்றால் நகரப் பூங்காக்கள் சிலவற்றில் அதற்கென்றே தீக்குழிகள் இருக்கின்றன. முன்கூட்டியே நகரசபையிடம் விண்ணப்பித்து அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும்.